தேங்காய் எண்ணெய் போட்ட துப்பாக்கி

எனக்குத் துப்பாக்கி சுடத் தெரியாது. ஆனால் சட்டப்படி சுடலாம். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை ஏலகிரி அடிவாரத்தில் ஒரு ஊரே நின்று பார்த்திருக்கிறது.

அப்பா இறந்தபின் அக்காவுக்கு வீடு போயிற்று, தம்பிக்கு நிலத்தில் பெரும்பகுதி போயிற்று. எனக்குக் கிணற்றுப் பக்கம் கொஞ்சம் நிலமும் அப்பாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கியும் வந்தன. பயிர்க்காவலுக்கு என்று அவர் உரிமம் வாங்கி வைத்திருந்தது அது. தம்பி துபாயில் இருக்கிறான். அக்கா எலிப்பொறியைக்கூடத் தொடமாட்டாள். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். அத்தனை பேரை மேய்க்கிறவளுக்கு ஒரு துப்பாக்கியா பெரிசு என்று எல்லோருமாகச் சேர்ந்து அதை என் தலையில் கட்டினார்கள்.

உரிமத்தை என் பேருக்கு மாற்ற விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் என்னையும் என் கணவர் தயாளனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரிடம், "வீட்ல சண்டை கிண்டை ஏதும் இல்லியே சார்?" என்றார். தயாளன் கொஞ்சம் யோசித்துத்தான் "இல்லை" என்றார். (அந்த யோசனைக்கு அன்று சாயங்காலமே அவர் பதில் சொல்லவேண்டி வந்தது.)

குழலின் மேல் இங்கிலீஷில் ஒரு பேர் செதுக்கியிருக்கும். அது லண்டன் சரக்கு, விற்றால் ஒரு வீடே வாங்கலாம் என்பது எங்கள் குடும்பத்தின் நெடுநாள் நம்பிக்கை. வேலூரில் துப்பாக்கிக் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் கொண்டுபோனோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழல் வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"கம்பெனி பேர்ல ஒரு எழுத்து ஜாஸ்தியா இருக்குதும்மா," என்றார்.

"அப்படின்னா?"

"அந்தக் காலத்து டூப்ளிகேட். ஆனா நல்ல டூப்ளிகேட். சுடும். விக்கணும்னா பேஜாரு, வாங்க ஆளு கிடையாது. அப்பா ஞாபகமா வெச்சிக்குங்க. எண்ணெய் மட்டும் போட்டுட்டே இருங்க."

என்ன எண்ணெய் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பாதி ஆயுளைத் தோலோடு கழித்தவள் நான்; எண்ணெய், மெழுகு, பாலிஷ் எல்லாம் என் ராஜ்யம் என்று நினைப்பு. துப்பாக்கியின் மரக்கட்டைக்கு ஷூ மெழுகு போட்டுத் தேய்த்தேன். அதில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம். இரும்புக்கு, கைக்கு எட்டியது தேங்காய் எண்ணெய். உள்ளே நன்றாக இறங்கட்டும் என்று விசை இருக்கும் இடத்தில் பாட்டிலையே கவிழ்த்தேன். அதன்பின் பீரோவைத் திறந்தாலே தலை வாரிய வாசனை. "பூ வெச்சி விட்றதுதான் பாக்கி," என்றார் தயாளன்.

கார்த்திகைக் கடைசியில் கோவிந்தசாமி மாமா போன் செய்தார். என் நிலத்தையும் சேர்த்துப் பயிர் வைக்கிற பக்கத்து நிலத்துக்காரர். எனக்குத் தலை நரைத்துவிட்டது. அவருக்கு நான் இன்னமும் பாப்பாதான்.

"பாப்பா, மல்லாட்ட புடுங்குற பதத்துல நிக்குது. பன்னி வந்து ஓரத்துலருந்து தின்னுகினே வருது. உங்கப்பா இருந்தா வானத்தப் பாத்து ஒரு வெடி வெப்பாரு, ஒண்ணும் கிட்ட வராது. நீ வந்து ஒண்ணு வெச்சிட்டுப் போயேன்."

அவருக்கு அந்த வருடம் இருந்தது அந்த வேர்க்கடலை ஒன்றுதான். மறுக்க முடியுமா? (மறுத்திருக்கலாம். ஆனால் குரலில் ஒரு கெத்து வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை வர்றேன் மாமா," என்றேன், ஏதோ தினமும் சுடுகிறவள் மாதிரி.)

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது போய்ச் சேர்ந்தால், வரப்பெல்லாம் ஜனம். பொம்பளை சுடுவதைப் பார்க்கப் போர்வையும் குல்லாவுமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். நிலத்தின் தூரத்து மூலையில் பன்றிகள் எங்கள் யாரையும் சட்டை செய்யாமல் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. நான் இரண்டு தோட்டாவையும் போட்டேன். வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். தயாளன் பின்னால் நின்று செல்போனில் வீடியோ எடுத்தார். விசையை இழுத்தேன்.

உள்ளே ஏதோ சோம்பேறித்தனமாக நகர்ந்தது. அவ்வளவுதான். மறுபடி இழுத்தேன். பன்றி ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தின்னப் போயிற்று.

"இன்னா ஆச்சி?" என்றார் மாமா.

தயாளன் மெதுவாக என் காதருகில் வந்தார். "நம்ம பாத்ரூம்ல எண்ணெய் பாட்டில் காலைல எப்படி இருந்துச்சி?"

வெள்ளையாக உறைந்து இருந்தது. அந்தக் குளிரில் துப்பாக்கிக்குள்ளேயும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை வெயில் விழும் இடத்தில் ஒரு கோணி மேல் கிடத்தினோம், வடகம் காயப்போடுகிற மாதிரி. அது உருகும்வரை மாமாவின் சம்சாரம் எல்லோருக்கும் டீ கொடுத்தார். பன்றிகளும் அவை பாட்டுக்கு நாஷ்டாவை முடித்துக்கொண்டிருந்தன. வரப்பில் ஒருத்தர் சத்தமாகவே கேட்டார்: "அதுக்கு சீயக்கா போட்டாங்களா?"

எண்ணெய் ஒழுகியதும் துடைத்து, தோட்டா போட்டு, மறுபடி நின்றேன். இந்தமுறை வெடித்தது. இடி என் தோள்பட்டையிலேயே விழுந்த மாதிரி இருந்தது. நான் பின்பக்கமாகச் சாய்ந்தேன், குழலும் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. சாய்ந்தவள் சும்மா சாய்ந்திருக்கலாம். பிடிமானத்துக்கு விரல் இரண்டாவது விசையைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது குழலும் வெடித்தது. அது மாமாவின் பம்புசெட் கூரைமேல் இருந்த கறுப்பு வாட்டர் டேங்கில் போய் முடிந்தது.

நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் இல்லை. நான் கால்வாய்ச் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். டேங்கிலிருந்து பூவாளி மாதிரி பத்துப் பக்கமும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பன்றிகள் ஓடிவிட்டன. ஆனால் வந்த வழியே போகாமல் நடு நிலத்தில் ஒரு ரோடு போட்டுவிட்டு ஓடின.

மாமா டேங்கைப் பார்த்தார், பயிரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

"அடி ஏதும் படலியே பாப்பா?" என்றார். பிறகு வரப்புப் பக்கம் திரும்பி, "வேடிக்கை பாத்தாச்சி இல்ல? எறங்குங்க எல்லாரும். அதுங்க திரும்பி வர்றதுக்குள்ள புடுங்கிடலாம்," என்றார்.

சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நானும் சேறு காய்ந்த புடவையோடு, ஒரு கை தூக்க முடியாமல், மறு கையால் செடி பிடுங்கினேன். அன்று பொழுது சாய்வதற்குள் மொத்த நிலமும் முடிந்தது. நான் சுட்டதால் அல்ல. நான் சுடுவதைப் பார்க்க அத்தனை பேர் வந்ததால் அந்தக் கடலை மாமாவின் வீடு போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரமே புது டேங்க் வாங்கிக் கொடுத்தேன். துப்பாக்கியை வேலூர் பாயின் கடையிலேயே பத்திரத்துக்கு ஒப்படைத்துவிட்டேன். தயாளனின் வீடியோவில் நான் இல்லை. வானம், ஒரு தென்னை, பிறகு ஓடுகிற அவருடைய செருப்பு. சொந்தக்காரர்கள் வந்தால் அதைத்தான் முதலில் போட்டுக் காட்டுவார்.

போன பொங்கலுக்கு மாமா வீட்டுக்குக் கரும்பு கொண்டுபோனேன். தோளில் சாய்த்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினேன். மாமா எழுந்து வேகவேகமாகப் போய், பம்புசெட்டுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"மொதல்ல அத கீழ வை பாப்பா. அப்புறமா உள்ள வா!"