கொல்லிமலை ராசாவும் பின்பக்க ஓட்டையும்

ஒரே ஒரு மலையாம். அந்த மலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவாம். எழுபதும் ஏறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால் குண்டனி நாடு என்று ஒரு நாடாம். அந்த நாட்டிலே ஒரு ராசா இருந்தானாம்.

ராசா என்று ஊர் சொல்லவில்லை. அவன் ஊட்டுக்காரி சத்தியமாகச் சொல்லவில்லை. டி.வி.யில் கேம் கன்சோலை மாட்டி, ஆன்லைனில் நாலு பேரோடு சேர்ந்து அவன் சண்டை போடும்போது, திரையில் அவன் தலைக்கு மேலே 'கொல்லிமலை ராசா' என்று எழுத்து மிதக்கும். எழுதியவனும் அவன்தான்.

சொந்தப் பெயர் அர்த்தனாரி. ஒரு ஏக்கர் மலைவாழை, ஒரு குட்டி லோடு வண்டி, சுகுணா என்று ஒரு மனைவி. முதல் இரண்டும் அவன் சொன்னபடி கேட்கும்.

இந்த ராசாவுக்கு ஒரு திங்கட்கிழமை சங்கடம் வந்து சேர்ந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நாமக்கல்லில் ஒரு பாட்டுப் பதிவுக்கூடத்தை மூடியபோது அங்கிருந்து பெரிய ஹெட்போன் ஒன்றை வாங்கி வந்திருந்தான். கறுப்பு, கனம், காதுக்கு ஒரு தலையணை வீதம் இரண்டு தலையணை. ஓரத்தில் தனியாக ஒரு மைக்கை ஒட்டிக்கொண்டான். மாட்டினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. உள்ளே கன்சோல் சத்தமும் கேட்கவில்லை என்பதுதான் சங்கடம். முழுசாகக் கூட்டி வைத்தாலும் எறும்பு ரகசியம் பேசுகிற மாதிரி இருந்தது. எதிரி பின்னால் வந்து, இருமி, செருமி, சுட்டுவிட்டுப் போன பிறகுதான் ராசாவுக்குத் தகவல் கிடைக்கும்.

குழுத் தலைவன் அருள்ராஜ், மலைக்குக் கீழே புளியஞ்சோலைக்காரன். அன்றைக்கு முடிவாகச் சொல்லிவிட்டான்.

"அண்ணே, வர்ற ஞாயித்துக்கிழமை காலைல அரையிறுதி, மத்தியானம் இறுதி. உங்களுக்குக் காது கேக்கோணும். உங்க பேச்சு எங்களுக்குக் கேக்கோணும். இல்லீன்னா உங்க எடத்துல வேற ஆளப் போட்டுருவேன்."

"ஆருடா அது?"

"பலாச்சொளைன்னு ஒரு ஆளுங்கண்ணே. புதுசு. ஆனா குறி தப்பாது."

"பலாச்சொளையா? பேரப் பாரு! ராசா எங்க, சொளை எங்க?"

"அதெல்லாம் சரிங்கண்ணே. உங்க ஹெட்போன் இருநூத்தம்பது ஓம். கன்சோலுக்கு அதத் தள்ளத் தெம்பு பத்தாது. வெளிய சத்தத்தக் கூட்டித் தர்ற ஒரு ஆம்ப் வெச்சாத்தான் ஆவும். பாத்து வாங்குங்க, மைக்கும் வேல செய்யோணும்."

அர்த்தனாரி சபதம் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓர் ஆம்ப். சுகுணாவுக்குத் தெரியாமல்.

சபதம் மறுநாள் காலைப் பலகாரம் வரை தாக்குப்பிடித்தது.

"ஏனுங்க, ஓம்னா என்னுங்க?" என்றாள் சுகுணா, மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்தபடி.

அவனுக்குப் புரையேறியது. "ஆரு சொன்னா உனக்கு?"

"நீங்கதான். தூக்கத்துல இருநூத்தம்பது ஓம், இருநூத்தம்பது ஓம்னீங்க. ஏதோ வேண்டுதலாக்கும்னு விபூதி வெச்சு உட்டேன்."

நெற்றியைத் தடவிப் பார்த்தான். பட்டையாக இருந்தது. அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் கக்கிவிட்டான். திட்டுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தான். சுகுணா திட்டவில்லை.

"நல்லதாப் பாத்து வாங்குங்க," என்றாள்.

பெண்டாட்டி திட்டாத இடத்தில் ஆண்பிள்ளை கொஞ்சம் பயப்பட வேண்டும். அர்த்தனாரி பெருமைப்பட்டான்.

சேந்தமங்கலத்தில் அவன் வாழைத்தார் இறக்கும் இடத்துக்கு எதிரே சின்னுசாமியின் எலக்ட்ரானிக்ஸ் கடை. பழகிய மனிதர். வைத்துப் பார், பிடிக்காவிட்டால் கொண்டுவந்து கொடு என்பார். முதலில் வந்தது தீப்பெட்டி அளவுப் பெட்டி. கன்சோலின் கைப்பிடியில் இருக்கிற ஓட்டையில் அதைச் செருகி, அதில் ஹெட்போனைச் செருகினான். அடேயப்பா! புல் மிதிபடும் சத்தம் கேட்டது. எதிரி மூச்சு விடுவது கேட்டது. அருள்ராஜ் கூப்பிடுவதும் கேட்டது.

"அண்ணே! அண்ணே! இருக்கறீங்களா, போயிட்டீங்களா?"

"இருக்கறன்டா!"

"அண்ணே! பேசுங்கண்ணே!"

தொண்டை கட்டும்வரை கத்தினான். ஒரு சொல் போகவில்லை. அந்த ஒரே ஓட்டையில்தான் கேட்பதற்கும் பேசுவதற்கும் வழி. பெட்டியோ கேட்பதை மட்டும் வாங்கிப் பெரிதாக்கும். பேச்சைத் திருப்பி அனுப்ப அதில் பாதையே கிடையாது. இதைச் சுகுணாவிடம் விளக்கினான்.

"அப்பிடின்னா கேட்டுக்கலாம், பேச முடியாது," என்றாள் அவள். "நல்ல பெட்டிதானுங்க. கலியாணமான ஆம்பளைக்கு எழுதி வெச்ச மாதிரி இருக்குது. ஆட்டத்துக்குத்தான் ஆவாது."

அடுத்து ஒரு இரட்டைக் கால் வயர் வந்தது. ஒரு கால் மைக்குக்கு, ஒரு கால் ஆம்புக்கு. பேச்சு போனது. கூடவே ஒரு ரீங்காரமும் போனது.

"அண்ணே, தேன் எடுக்கப் போயிருக்கறீங்களா?" என்றான் அருள்ராஜ்.

வெள்ளிக்கிழமை சின்னுசாமி இரண்டு பெட்டிகளைக் கொடுத்தனுப்பினார். இரண்டும் கைப்பிடியை விட்டுவிட்டு நேரே கன்சோலின் யூ.எஸ்.பி.யில் சேர்கிறவை. இரண்டிலும் முன்னால் ஹெட்போனுக்கு ஓர் ஓட்டை, மைக்குக்கு ஓர் ஓட்டை. ஒன்றில் கலர் கலராக விளக்கு எரிந்தது. அர்த்தனாரி அதில் மயங்கினான். மற்றது சாணி உருண்டை மாதிரி இருந்தது.

"வெளக்கு என்னத்துக்குங்க, தீபாவளியா?" என்றாள் சுகுணா. "எல்லாப் பெட்டியையும் கன்சோல் ஏத்துக்காதாமே. செருகிப் பாத்தீங்களா?"

"ரெண்டையும் ஏத்துக்குது."

"நாம பேசறது நம்ம காதுலயே கேக்கற மாதிரி எதுல இருக்குது? இந்த ஹெட்போன மாட்டுனா எவ்வளவு கத்தறோம்னே தெரியறதில்லீல்ல?"

"அந்த உருண்டையில இருக்குது."

"பின்னாடி ஓட்டை?"

"அதுலதான். அது ஸ்பீக்கருக்கு. காதுல கேக்கறது அத்தனையும் அதுலயும் வரும். நமக்கெதுக்கு?"

"இருந்துட்டுப் போவுது. ஓட்டை என்ன சோறா கேக்குது?"

உருண்டையையே வைத்துக்கொண்டான். இந்த உலகத்தில் எத்தனை பேருக்கு ஆம்ப் வாங்க யோசனை சொல்கிற மனைவி வாய்ப்பாள் என்று கண் கலங்கினான். கலங்கிய கண்ணோடு ஹெட்போனை மாட்டினான். இறுக்கியது. கொஞ்ச நாளாகவே, மாட்டும்போதெல்லாம் முதலில் இறுக்கத்தான் செய்தது. பட்டையை ஒரு கிளிக் இழுத்து விட்டுக்கொள்வான். இத்தனை விவரம் ஏறினால் தலை பெருக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை மாலை முத்தன் வந்து வாசலில் நின்றார். ஊரில் முறை சொல்கிற பெரியவர்.

"அர்த்தனாரி, நாளைக்குக் குரங்கு உன்றது."

குரங்கு முறை என்பது அந்த ஊர்க் கட்டு. நாளுக்கு ஒரு வீடு. காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்த வீட்டு ஆள் ஒருவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு, நாலு சரிவிலும் வாழையையும் பலாவையும் சுற்றி வர வேண்டும். ஒரு வெற்றிலை மென்று துப்பும் நேரத்துக்கு ஒரு தடவையாவது அவர் குரல் எதிர்ச் சரிவுக்குக் கேட்க வேண்டும். இடையில் சுகுணாவின் மகளிர் குழு, ஆம்ப் உள்ளேயே இருக்கிற ஒரு குழாய் ஸ்பீக்கர் வாங்கி, அர்த்தனாரி வீட்டுப் பலாமரத்தில் கட்டி, நாய் குரைப்பதைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தது. மூன்று நாள் குரங்குகள் ஓடின. நாலாம் நாள் குழாய் மேலேயே உட்கார்ந்து பேன் பார்த்தன. அன்றிலிருந்து குழாய் சும்மா கிடந்தது, மறுபடியும் தகரம்.

ஞாயிறு விடிந்தது. அர்த்தனாரி பாயை விட்டு எழவில்லை.

"ஆத்தே… முதுகு… புடிச்சுக்கிச்சு சுகுணா…"

அவள் இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் பார்த்தாள். "அடப்பாவமே. நீங்க கெடங்க, நம்ம முறைய நான் பாத்துக்கறேன். சும்மா படுத்தா வலி சாஸ்தியாவும். உக்காந்து வெளாடுங்க. வாய்க்கு வலி இல்லீல்ல?"

"வாய்க்கு இல்ல."

"அது போதும்," என்று அடுப்படிப் பக்கம் போய் எதையோ உருட்டிவிட்டு, தகரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

அன்றைக்கு ராசா ஆடிய ஆட்டம் இருக்கிறதே! உருண்டைப் பெட்டி முறுக்கேற்ற, ஹெட்போன் உறுமியது. இலை அசைந்தால் கேட்டது. அவன் குரல் அவன் காதிலேயே கணீரென்று விழுந்தது. கேட்கக் கேட்க அவனுக்கே ஆசையாக இருந்தது, இன்னும் கொஞ்சம் கத்தினான்.

"வலப்பக்கம் வாரான்! உடாத! அடி! மரத்து மேல ரெண்டு பேரு, சுடு, சுடு!"

"அண்ணே, இன்னிக்கு ஒரு ரேஞ்சுல இருக்கறீங்க," என்றான் அருள்ராஜ். "அண்ணி ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அவளா? முதுகுவலின்னு ஒரு போடு போட்டேன். நம்பிப்போட்டாடா! தகரத்தத் தட்டிட்டுக் குரங்கு முடுக்கப் போயிருக்கறா. நம்மூட்ல நம்ம பேச்சுத்தான். அவளுக்கென்ன தெரியும்?"

"சரிங்கண்ணே," என்றான் அருள்ராஜ்.

மூன்று மணி நேரம். ஜெயித்தார்கள். அர்த்தனாரி ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு சோம்பல் முறித்தான்.

"யப்பா!" என்றான்.

"யப்பா!" என்றது மலை.

திடுக்கிட்டான். "ஆரது?"

"ஆரது?" என்றது மலை. இன்னும் மிரட்டலாக.

கூப்பிட்டது தன் குரல் மாதிரியே இருந்தது. எழுந்து பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்க ஓட்டையிலிருந்து ஒரு கறுப்பு வயர் கிளம்பி, சுவரோரமாக நடந்து, அடுப்படி ஜன்னலைத் தாண்டி, பலாமரத்தில் ஏறி, குழாய் ஸ்பீக்கரில் போய்ச் சேர்ந்திருந்தது.

வாசலில் காலடிச் சத்தம். ஆம்ப் இல்லாமலே கேட்டது. முத்தன் முன்னால் வர, பின்னால் அரை ஊர். கடைசியாகச் சுகுணா, தட்டாத தகரத்தோடு.

"நல்ல குரலுப்பா," என்றார் முத்தன். "'மரத்து மேல ரெண்டு பேரு'ன்னியே, நெசமாலுமே ரெண்டுதான் இருந்துச்சு. எறங்குன ஓட்டத்துல மேக்காட்டுக்கே போயிருச்சு. இன்னிக்கு ஒரு பழம் போகல."

அர்த்தனாரிக்கு லேசாக உயிர் வந்தது. "எல்லாம் ஊருக்காகத்தானுங்க…"

"இரு. 'முதுகுவலின்னு ஒரு போடு போட்டேன்'னியே, அதுவும் நல்லாக் கேட்டுது. 'அவளுக்கென்ன தெரியும்'னியே, அது திருப்புலி நாடு வரைக்கும் போச்சாமா. அங்கிருந்து போன் பண்ணிக் கேக்கறாங்க, ஆருப்பா அந்த வீரன்னு."

கூட்டத்தில் யாரோ தும்மினார்கள். தும்மல் மாதிரி இல்லை அது.

"முதுகு எப்பிடி இருக்குதுங்க?" என்றாள் சுகுணா. குரலில் அத்தனை அன்பு.

முத்தன் தீர்ப்புச் சொன்னார். "குரல் குடுத்தது கணக்குத்தான், தள்ள முடியாது. ஆனா முறையில பொய் சொன்னா என்ன கட்டு? மிச்சப் பொழுதுக்கு அந்த ஆளே நடக்கோணும். தகரத்த வாங்கிக்க."

"ஐயோ, இன்னும் அரை மணியில இறுதி ஆட்டமுங்க! நான் போயிட்டா என் எடத்துல—"

அப்போது பலாமரத்துக் குழாய் கரகரத்தது. ஊரே அண்ணாந்து பார்த்தது.

"அண்ணே," என்றது குழாய், அருள்ராஜின் குரலில். "நீங்க பேசறது பூராக் கேட்டுச்சு. நீங்க நிம்மதியாப் போங்க, எடத்தப் பத்திக் கவலப்படாதீங்க. பலாச்சொளை அண்ணி அங்கதான இருக்காங்க? உக்காரச் சொல்லுங்க."

ஊர் முழுக்கச் சுகுணாவைப் பார்த்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க லோடுக்குப் போற மத்தியானத்துல சும்மாத்தான இருக்கறேன்," என்றாள். "நானும் ரெண்டு மாசமா எறும்புச் சத்தத்துலயேதான் வெளாண்டேன். சொல்லலாம்னா நீங்க எங்கீங்க கேக்கறீங்க?"

அவன் கழுத்திலிருந்து ஹெட்போனை எடுத்தாள். பட்டையை ஒரு கிளிக் உள்ளே தள்ளினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. தலை பெருத்த காரணம் அர்த்தனாரிக்கு அப்போதுதான் விளங்கியது.

ஊர் சிரித்துக் கலைந்தது. முத்தன் தகரத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு வெற்றிலையை மென்றபடி போனார். உள்ளே ஆட்டம் ஆரம்பமாயிற்று. ராசா தகரத்தைத் தட்டிக்கொண்டு வாழைத்தோட்டத்துக்குள் இறங்கினான். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, எந்தப் பக்கம் போவது என்று யோசித்தான்.

"நின்னு யோசிக்காதீங்க! இடப்பக்கம் போங்க!" என்று அதட்டியது பலாமரத்துக் குழாய்.

அருள்ராஜுக்குச் சொன்னாளோ, தனக்குச் சொன்னாளோ தெரியவில்லை. எதற்கு வம்பு என்று அர்த்தனாரி இடப்பக்கமே போனான்.