வீடெல்லாம் விளக்குப் போட்டாயிற்று, மைத்துனியே

சுவெண்போர்
நவம்பர் 20, வியாழன்

பெருமதிப்பிற்குரிய மைத்துனி பிர்தே அவர்களுக்கு,

உங்கள் தங்கை இங்கெலிசேயின் கணவனும், முப்பத்திரண்டு ஆண்டுகள் தீவுக் கப்பலை ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டி ஓய்வுபெற்றவனுமான ஹோல்கர் பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம், பூனை நலம், கூரை நலம். அங்கே உங்கள் உடைந்த மணிக்கட்டு கூடிவிட்டது, கட்டையும் பிரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மிக்க மகிழ்ச்சி. கட்டுப் பிரித்த பிறகும் என் மனைவியை எதற்காக அங்கேயே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்காததை நீங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காக மட்டும் இதைக் குறிப்பிடுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற முப்பதாம் தேதி, கிறிஸ்துமஸ் காத்திருப்பு தொடங்கும் அட்வென்ட் முதல் ஞாயிறு அன்று, இங்கெலிசேயைத் தவறாமல் கப்பலேற்றி அனுப்பிவிடுங்கள். வீட்டுக்கு விளக்குப் போட்டாயிற்று. ஆறு வாரத்துக்கு முன்னால் பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டு அவள் என்ன சொன்னாள் என்பதை உங்களிடமும் சொல்லியிருப்பாள். "ஹோல்கர், இந்த வீட்டு இருட்டுல இன்னொரு குளிர்காலம் என்னால முடியாது. மார்க்கெட் பக்கத்துல கீழ்த்தளத்துல ஒரு ஃபிளாட் காலியா இருக்கு. ரெண்டு பக்கமும் ஜன்னல். டிசம்பர் ஒண்ணாம் தேதி கையெழுத்துப் போட வரேன்னு சொல்லியிருக்கேன். நீயும் வந்தா சந்தோஷம். வரலைன்னா ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வா." விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். பஸ் மூலை திரும்புகிறவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகுதான் வேலையில் இறங்கினேன்.

நான் கஞ்சன் என்று நீங்கள் முப்பது வருடமாக ஊரெல்லாம் சொல்லிவருவது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் விளக்குகள் மங்கலாக எரிந்ததற்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல, கடல் ஒழுங்கு. இரவில் கப்பலின் சுக்கான் அறையில் விளக்குப் போடக் கூடாது. உள்ளே வெளிச்சம் இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. எங்கள் வரவேற்பறையின் பெரிய ஜன்னலில் நீரிணை முழுவதும் தெரிகிறது, மாலையானால் எந்தப் படகு வருகிறது, எது போகிறது என்று பார்க்க வேண்டாமா? அதனால் வீடு முழுக்க எந்தப் பல்பையும் பதினைந்து வாட்டுக்கு மேல் ஏற விட்டதில்லை. இருட்டாக இருக்கிறது என்று இங்கெலிசே சொன்னபோதெல்லாம் நான் சும்மா இருந்துவிடவும் இல்லை. மூன்று முறை கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மூன்று முறையும் கண் நன்றாக இருக்கிறது என்றார். மூன்றாம் முறை என் பக்கம் திரும்பி, "வீட்ல வெளிச்சம் எப்படி?" என்று கேட்டார். கண்ணுக்குப் படித்தவருக்கு வீட்டைப் பற்றி என்ன கவலை என்று தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு வேலையை எடுத்தால் நான் அரைகுறையாக விடுகிறவன் அல்ல. சுவருக்குள் மின்கம்பி இழுக்க உரிமம் பெற்ற ஆள் வேண்டும் என்பதால், ஊரிலேயே கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய மெரெதேயை அழைத்தேன். எந்த அறைக்கு எந்த விளக்கு என்று திட்டம் போடுவதும் அவளே, ஏணியில் ஏறி மாட்டுவதும் அவளே. நாற்பது வயது இருக்கும். காதில் ஒரு பென்சில், காபிக்கு மூன்று துண்டு கேக். வந்தவள் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வோர் அறை வாசலிலும் நின்று ஒரே கேள்வி கேட்டாள்.

"இங்க யாரு, எங்க உக்காந்து, என்ன பண்ணுவீங்க?"

"விளக்குக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

"விளக்கு அறைக்கு இல்ல கேப்டன், ஆளுக்கு. ஆள் எங்கேன்னு தெரியாம நான் எங்க ஓட்டை போடறது?"

நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டு, ஒரு கேள்விக்கும் தயங்காமல் பதில் சொன்னேன். நாற்பத்தோரு வருடம் ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்தியவனுக்கு இது ஒரு கேள்வியா? வரவேற்பறையில் நீல நாற்காலி இருக்கிறதே, பின்னல் கூடையைப் பக்கத்தில் வைத்து, அங்கேதான் என் மனைவி மாலை முழுக்க உட்காருவாள் என்றேன். மெரெதே நாற்காலி மெத்தையை அழுத்திப் பார்த்தாள். "புதுசாட்டம் இருக்கே கேப்டன்?" என் மனைவி எடை குறைவானவள் என்று விளக்கினேன். அவள் பென்சிலைக் கையில் வைத்தபடி என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள். நாற்காலியின் இடது தோளுக்கு மேலே, வளைத்துத் திருப்பக்கூடிய கழுத்தோடு, பித்தளையில் ஒரு வாசிப்பு விளக்கு. கண்ணில் அடிக்காது, பக்கத்தில் மட்டும் விழும். நானே அங்கே உட்கார்ந்து துறைமுக அட்டவணையைப் படித்துப் பார்த்தேன், அருமை.

சாப்பாட்டு மேசைக்கு மேலே வழக்கப்படி ஒரு தொங்கு விளக்கு, மேசையிலிருந்து சரியாக அறுபது சென்டிமீட்டர். இதில் எனக்கும் மெரெதேக்கும் ஒரு சின்னத் தகராறு. ஒயரில் தொங்கவிட்டு, தேவைப்பட்டால் பக்கத்துக் கொக்கிக்கு நகர்த்திக்கொள்ளலாம் என்றாள் அவள். விளக்கு ஆடினால் எனக்குக் கடல் கொந்தளிப்பு ஞாபகம் வந்து சோறு இறங்காது, இரும்புக் கம்பியில் அசையாமல் பொருத்து என்றேன் நான். "மேசையை நகர்த்தவே மாட்டீங்களா?" என்றாள். மேசை எங்கே போகப்போகிறது என்றேன். படுக்கையறையில் ஆளுக்கொரு சுவர் விளக்கு வைத்தோம், ஆனால் இரண்டுக்கும் சுவிட்ச் ஒன்றுதான், என் பக்கத்தில். ஆளுக்கொன்று வேண்டும் என்று அவள் வாதாடினாள். ஒரு கப்பலுக்கு ஒரு கேப்டன்தான் என்று சொல்லி முடித்துவிட்டேன். குளியலறைக் கண்ணாடிக்கு மட்டும் அவள் சொன்னபடி விட்டேன், இரண்டு பக்கமும் நீளமான விளக்கு. இப்போது முகத்தில் நிழலே விழுவதில்லை. முதல் நாள் காலையில் உள்ளே யாரோ கிழவர் நிற்கிறார் என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

எல்லாம் தயாரானதும் பத்தாம் தேதி மோர்டென் புனிதர் நாள் வாத்து விருந்துக்குப் பக்கத்து வீட்டு ஊஃபவையும் அவன் மனைவி லோனவையும் சீட்டுக் கச்சேரிக் கூட்டாளிகளையும் அழைத்தேன். வாத்து பிரமாதமாக வந்தது. எட்டுப் பேர் என்பதால் மேசையின் பலகையை இழுத்து நீட்ட வேண்டியிருந்தது. நீட்டினால் மேசை ஜன்னல் பக்கம் நகரும் என்பதும், இரும்புக் கம்பி நகராது என்பதும் அப்போதுதான் ஒன்றாகப் புரிந்தன. விளக்கு மேசையை விட்டு விலகி, ஊஃப உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே நின்றது. அவனைத்தான் உங்களுக்குத் தெரியுமே, விருந்தில் எழுந்து பேசாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு செரிக்காது. கோப்பையோடு எழுந்தான், டங் என்றது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வாத்தைப் புகழ எழுந்தான், மறுபடி டங். மூன்றாவது தடவை உட்கார்ந்தபடியே "சரி, நல்லா இருங்க" என்று முடித்துக்கொண்டான். லோன என் காதில், "நாப்பது வருஷத்துல இந்த மனுஷன் இவ்ளோ சுருக்கமாப் பேசினதே இல்ல. இந்த விளக்கு எந்தக் கடையில கிடைக்கும்?" என்று கேட்டாள். ஆகவே இதை நான் குறை என்று கணக்கில் எடுக்கவில்லை.

மாடிப்படி விஷயம் உங்கள் காதுக்கு வேறு வழியாக வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். படியின் இடது ஓரம் சிவப்பு, வலது ஓரம் பச்சை என்று சின்னச் சின்ன விளக்குகள் வைக்கச் சொன்னேன், கப்பலிலும் துறைமுக வாயிலிலும் உள்ளபடி. மெரெதே வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னாள், எழுதியும் கொடுத்தாள். எங்கள் மாடிப்படி ஜன்னல் கடலைப் பார்த்தது, நம் வீடுகளில் எவன் திரை போடுகிறான்? போன செவ்வாய் சாயங்காலம் நாலரை மணி, நன்றாக இருட்டிவிட்டது, அவற்றைப் பெருமையோடு எரியவிட்டேன். கால் மணி நேரத்தில் கீழே கரையிலிருந்து ஒரே சத்தம். ஒரு மீன்படகு எங்கள் தோட்டத்துக்கு எதிரே மணலில் முட்டிக்கொண்டு நிற்கிறது, படகுக்காரன் இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்துகிறான்.

"யோவ், எவன்யா அது, வீட்டுக்குள்ள துறைமுகம் கட்டி வெச்சிருக்கிறது?"

நான் விளக்கை அணைத்துவிட்டு இறங்கிப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. "கேப்டன் ஹோல்கரா? நீங்களா?" என்றான். அந்த "நீங்களா" எனக்குக் கொஞ்சம் வலித்தது. படகுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓதம் ஏறித் தண்ணீர் உயர்ந்ததும் மிதந்துவிட்டது. ஜன்னலில் இப்போது ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருக்கிறேன். மற்றபடி படிகள் பார்க்க மிக அழகாக இருக்கின்றன.

இனி பாக்கி சமையலறை மட்டும்தான். கூரையில் ஆறு விளக்குகள் பதித்தாயிற்று, பட்டாணி உருண்டால்கூடத் தெரியும். நாளைக் காலை அடுப்புக்கு மேலே இருக்கும் பழைய சிம்னியைக் கழற்றி எறிந்துவிட்டால் வேலை முடிந்தது. அந்தச் சிம்னியில் இரண்டு குட்டி பல்புகள் உண்டு. அதில் ஒன்று அணைந்துவிட்டால் போதும், அன்றைக்கே மாற்ற வேண்டும் என்று இங்கெலிசே ஒற்றைக்காலில் நிற்பாள். நடைவழி விளக்கு மூன்று மாதம் எரியாமல் கிடந்தபோது வாய் திறக்காதவள், இதற்கு மட்டும் அப்படிப் பதறுவாள். அதனால் இழுப்பறையில் ஒரு டஜன் வாங்கிப் போட்டிருந்தேன். மெரெதே அதைப் பார்த்துவிட்டு, "சிம்னி பல்பு பன்னெண்டா? யாரு கேப்டன் இதை இவ்ளோ நேரம் எரிக்கிறது?" என்றாள். என் மனைவிக்கு வறுவல் பிடிக்கும் என்றேன். மறுபடியும் பென்சிலை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

ஆகவே, பிர்தே, இனி இங்கெலிசேக்கு வீட்டைவிட்டுப் போக ஒரு காரணமும் இல்லை. அவளுடைய ஒவ்வொரு பழக்கத்தையும் மனத்தில் வைத்து, அவளுக்கென்றே அளந்து வைத்த வெளிச்சம் இது. இந்தக் கடிதத்தை அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். ஃபிளாட்காரர்களுக்கு வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொல்லுங்கள். உங்கள் மணிக்கட்டு பலப்படவும், உங்கள் அடுப்பு அணையாதிருக்கவும், உங்கள் தீவுக்கு இந்தப் பனிக்காலம் இரக்கம் காட்டவும் மனமார வேண்டுகிறேன். பூனையும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னது.

என்றும் தங்கள் அன்புள்ள,
ஹோல்கர்

பின்குறிப்பு (வெள்ளி காலை): மேலே உள்ளதை அவளுக்குப் படித்துக் காட்டாதீர்கள்.

இன்று காலை மெரெதே சிம்னியைக் கழற்றினாள். அதன் தலைக்கு மேலே, அலமாரிக்கும் அதற்கும் நடுவே, ஒரு செய்தித்தாள் சுத்தமாக மடித்து விரிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் இரண்டு வாசிப்புக் கண்ணாடிகள். தொலைத்துவிட்டாள் என்று நான் ஒரு வருடமாகச் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்த அதே கண்ணாடிகள். நூலகத்துப் புத்தகங்கள் மூன்று, எல்லாம் தடிமன். ஒன்றின் நடுவில் அடையாளத்துக்கு ஒரு கப்பல் பயணச்சீட்டு. எடுத்துப் பார்த்தேன், நான் கடைசியாக ஓட்டிய பயணத்தின் சீட்டு. மேல்தட்டு எட்டுவதற்காக வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்திருந்த முக்காலியை மெரெதே அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டு, அதில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தாள். சுவரில் தோள் படுகிற இடத்தில் சாயம் தேய்ந்து போயிருக்கிறது.

"இங்கதான் கேப்டன். இந்த வீட்ல படிக்கிற அளவுக்கு வெளிச்சம் இங்க ஒண்ணுதான் இருந்திருக்கு."

தினமும் சாப்பிட்டு முடித்ததும் இரண்டு மணி நேரம் பாத்திரம் கழுவுகிறாள் என்று நினைத்திருந்தேன், பிர்தே. இரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரம். "இன்னும் முடியலையா?" என்று இருட்டில் உட்கார்ந்தபடி குரல் கொடுப்பேன். "இதோ" என்பாள். நான் அந்த நேரமெல்லாம் கடலில் போன ஒவ்வொரு படகையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, வேறு சொல் கிடைக்கவில்லை.

சிம்னியைத் திரும்ப மாட்டச் சொல்லிவிட்டேன். நீல நாற்காலி விளக்கைக் கழற்றியாயிற்று, இரும்புக் கம்பியை அறுத்தாயிற்று, படுக்கையறையில் மெரெதே இரண்டாவது சுவிட்சுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். உங்கள் வீட்டில் மாலையில் அவள் எங்கே உட்காருகிறாள், விளக்கு எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்தப் பின்குறிப்பைத் தொடங்கினேன். மெரெதே என் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "அக்காவைக் கேக்கறீங்களே, ஆளையே கேட்டா என்ன?" என்றாள். நாற்பத்தோரு வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

அதனால் ஞாயிறு அன்று அவளைக் கட்டாயப்படுத்திக் கப்பலேற்ற வேண்டாம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் நானே தொலைபேசியில் கேட்டிருப்பேன். இந்த வீடு என்றால் இந்த வீடு. மார்க்கெட் பக்கத்து ஃபிளாட் என்றால் மெரெதேயை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன், பேசியாயிற்று, கேக்குக்கு ஒப்புக்கொண்டுவிட்டாள். எங்கே உட்காருவாய் என்று கேட்பேன். பிறகு, அந்த முக்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்று போட இடம் இருக்குமா என்றும் கேட்பேன்.

ஹோ.