ரங்கநாத் ராவின் ராஜினாமா

ரங்கநாத் ராவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ராவ் என்று ஒருவர் உலகத்தில் பிறக்கவே இல்லை என்பதால், கட்டியது உண்மையில் பூவனநாதனின் தொண்டைதான்.

கோவில்பட்டி எட்டயபுரம் சாலையில், உரக்கடை மாடியில், இரண்டே அறைகளில் நடந்துவந்த 'பி.என். குளோபல் டெக் சொல்யூஷன்ஸ்' என்ற நிறுவனத்துக்குப் பூவனநாதன்தான் நிறுவனர், தலைவர், தலைமைச் செயல் அதிகாரி. மூன்று பதவிகளும் அவருடைய விசிட்டிங் கார்டில் மூன்று வரிகளில் இருந்தன. நாலாவது வரியில் 'கோவில்பட்டி – பெங்களூரு – துபாய்'. பெங்களூருக்கு அவர் ஒரு தடவை மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். துபாயில் அவர் மச்சினன் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தான். கோவில்பட்டியில் உரக்கடை வாடை இருந்தது.

நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர். புரோகிராம் எழுதுவது, எழுதியதைத் திருத்துவது, வருகிற போனையெல்லாம் எடுப்பது ஜெயப்பிரியா. பைக்கில் போய்க் கம்ப்யூட்டர் மாட்டுவது, வயர் இழுப்பது, பிரிண்டருக்குள் செத்துக் கிடக்கிற பல்லியை எடுத்துப் போடுவது மணிகண்டபிரபு. மீதி வேலை எல்லாம் பூவனநாதனுடையது. மீதி என்று பெரிதாக எதுவும் இல்லாததால், அவர் ஓர் அமைப்பை உருவாக்கினார்.

"பெரிய கம்பெனின்னா சப்போர்ட்ல லெவல் இருக்கணும். லெவல் ஒன் ஜெயப்பிரியா. லெவல் டூ பிரபு. அதுலயும் தீரலன்னா லெவல் த்ரீ, பெங்களூரு ஹெட் ஆபீஸ்."

"ஹெட் ஆபீஸ்ல யாரு சார் இருக்கா?" என்று கேட்டாள் ஜெயப்பிரியா.

"ரங்கநாத் ராவ்."

சொல்லிவிட்டுப் பூவனநாதன் போனோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அங்கேதான் குரல் பளிங்குக் கட்டடத்துக்குள் பேசுவதுபோல எதிரொலித்தது. வாயில் கைக்குட்டை, மூக்கில் பாதிக் குரல், பயிற்சிக்குப் போன இடத்தில் பொறுக்கிவந்த இரண்டு கன்னட வார்த்தைகள்: கொஞ்சம் என்பதற்கு 'ஸ்வல்ப', வேண்டாம் என்பதற்கு 'பேடா'. ராவ் பிறந்துவிட்டார்.

எந்த வாடிக்கையாளரைவிடவும் ராவை அதிகம் மதித்தது, கடம்பூர் ரோட்டில் இருந்த முத்துமாரி தீப்பெட்டி ஆபீஸ். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு அந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் பெயர். முதலாளி முத்துமாரியம்மாள். அவர் எந்தப் புரோகிராமை வைத்திருக்கிறாரோ அதையேதான் அவருடைய சொந்தக்காரர்களின் ஆறு தீப்பெட்டி ஆபீஸ்களும் வைத்துக்கொள்ளும். பூவனநாதனின் உலக வணிகம் என்பது ஏறக்குறைய இந்த ஏழு ஆபீஸ்கள்தான். முத்துமாரியம்மாள் போனில் பேசமாட்டார். அவருக்காகப் பேசுவது அங்கே கணக்கு எழுதும் ராதாமணி.

வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது ராதாமணி கூப்பிடுவாள். "ஏட்டி ஜெயப்பிரியா, பில்லு திறக்க மாட்டேங்குது" என்பாள். ஜெயப்பிரியா ஒன்று சொன்னால் "செஞ்சாச்சு, நடக்கல" என்பாள். பிரபு ஒன்று சொன்னால் "அதுவும் செஞ்சாச்சு" என்பாள். கடைசியில் ராவ் வருவார்.

"நமஸ்காரம் மேடம். கம்ப்யூட்டரை அணைத்துவிடுங்கள். அவசரம் பேடா. ஸ்வல்ப மௌனமாக இருங்கள். இப்போது திறங்கள்."

"சரியாயிட்டு சார். நல்லா இருப்பிய."

ஜெயப்பிரியாவுக்கு இது விளங்கவில்லை. "சார், அந்தப் புரோகிராமை மூணு தடவ முழுசா ஓட்டிப் பாத்துட்டேன். ஒரு தப்பும் இல்ல."

"அப்ப ராவ் பேசினா மட்டும் எப்படிச் சரியாகுது?"

"அதான் சார் தெரியல."

"அனுபவம்" என்றார் பூவனநாதன். நாளாக ஆக அவருக்கே ராவ் மேல் ஒரு மரியாதை வந்திருந்தது. போன் பேசி முடித்துப் பாத்ரூமிலிருந்து வெளியே வரும்போது, இரண்டு நிமிடம் ராவின் நடையிலேயே வருவார்.

அப்படிப்பட்ட நாளில்தான் தொண்டை கட்டியது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ராதாமணி கூப்பிட்டாள். லெவல் ஒன் தோற்றது, லெவல் டூ தோற்றது. பூவனநாதன் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அவர் கைக்குட்டையை எடுத்துப் பிரபுவின் கையில் திணித்துப் பாத்ரூமைக் காட்டினார்.

"நானா சார்?"

பூவனநாதன் இரண்டு கையையும் கூப்பினார்.

உள்ளே போன பிரபுவின் குரல் கதவைத் தாண்டி நன்றாகவே கேட்டது.

"நமஸ்காரம்க்கா."

"யாரு, ராவ் சாரா? என்ன சார் குரலு ஒரு மாதிரியா இருக்கு?"

"உடம்பு சரியில்லக்கா. மேடம்."

"என்ன செய்யுது?"

பிரபு எதையும் யோசித்துச் சொல்லிப் பழகியவன் அல்ல. "நெஞ்சுவலி" என்றான்.

"நெஞ்சுவலியோடயா போனை எடுத்திய? பக்கத்துல யாரும் இருக்காவளா?"

"டாக்டர் இருக்காரு."

பதற்றத்தில் பிரபு சுவரில் சாய, முதுகு பட்டுக் குழாய் திறந்துகொண்டது.

"அது என்ன சார் சத்தம்?"

"குளுக்கோஸ் ஏறுது மேடம்."

மறுநாள் காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் இரண்டு கிலோ கடம்பூர் போளியும் ஒரு பொட்டலம் திருநீறும் வந்து இறங்கின. கொண்டுவந்தவர், பெங்களூருக்கு உடனே அனுப்பச் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"நெஞ்சுவலிக்காரருக்குப் போளியா?" என்றாள் ஜெயப்பிரியா.

"நெய் கம்மியாப் போட்டதாம்" என்றான் பிரபு, இரண்டாவது போளியை மடித்தபடி.

வியாழக்கிழமை பூவனநாதனுக்குக் குரல் திரும்பியது. நெஞ்சுவலியை எப்படியாவது இறக்கிவிட வேண்டும் என்று அவரே ராதாமணியைக் கூப்பிட்டார், தன் சொந்தக் குரலில்.

"பயப்படும்படியா ஒண்ணும் இல்லம்மா. வெறும் வாய்வுதானாம். ராவ் சார் வீட்டுக்கு வந்துட்டாரு."

"நல்லதாப் போச்சு அண்ணாச்சி. அப்ப நாளைக்கு அவியளையும் கூட்டிட்டு வந்துருங்க."

"எங்க?"

"எங்க ஆபீஸுக்குத்தான். மூணு வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் நாளையோட முடியுதுல்லா. ராவ் சார் முன்னால வச்சுத்தான் புதுசுல கையெழுத்துப் போடுவேன்னு அம்மா சொல்லிட்டாவ."

பூவனநாதனுக்கு நாற்காலி கொஞ்சம் தாழ்ந்ததுபோல் இருந்தது. அவர் கண்ணில் பட்டது மேஜை மேல் இருந்த விசிட்டிங் கார்டின் நாலாவது வரி.

"அதுல பாருங்கம்மா, அவரைத் துபாய்க்கு மாத்திட்டோம். நேத்துதான் ஏறிப் போனாரு."



"நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்த மனுஷனை மறுநாளே பிளேன்ல ஏத்திட்டியளா?"

"அதான் வாய்வுன்னு ஆயிட்டே."

"வாய்வுக்குப் பிளேன் ஆகவே ஆகாதே அண்ணாச்சி. சரி, போனது போயிட்டாவ. அங்கன இருந்தே வீடியோல மூஞ்சியக் காட்டட்டும். அது போதும்னு அம்மா சொல்லுதாவ."

பூவனநாதன் பாத்ரூமைப் பார்த்தார். குரலுக்குக் கைக்குட்டை உண்டு. முகத்துக்கு என்ன செய்வது?

"ராதாமணி, உங்ககிட்ட மறைக்க வேண்டாம். ராவ் ராஜினாமா செஞ்சுட்டாரு."

"துபாய்க்குப் போயா?"

"போன உடனே."

"நீங்க எதும் சொல்லிட்டியளா அவியள?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"இருங்க" என்று அவள் போனைக் கீழே வைத்தாள். பல குரல்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. பிறகு திரும்ப வந்தாள். "அண்ணாச்சி, ராவ் சார் இப்ப எந்தக் கம்பெனில சேந்திருக்காவன்னு விசாரிச்சுச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"எங்க ஒப்பந்தம் அந்தக் கம்பெனிக்குத்தான். எங்க ஆளுக ஆறு ஆபீஸும் அங்கனதான் போவுமாம். தப்பா எடுத்துக்கிடாதிய."

பூவனநாதன் போனை வைத்துவிட்டு, கேட்டதை அப்படியே இரண்டு பேரிடமும் சொன்னார். போட்டிக் கம்பெனிக்காரன் வாடிக்கையாளரைக் கொத்திக்கொண்டு போவது உலகத்தில் உள்ளதுதான். தான் பாத்ரூமில் வைத்துப் பெற்றெடுத்த ஒருவன், இல்லாத கம்பெனியில் சேர்ந்துகொண்டு, இருக்கிற ஏழு வாடிக்கையாளரையும் கொண்டுபோகிறான். ஏழும் போனால் மாடி போகும். மாடி போனால் ஜெயப்பிரியாவையும் பிரபுவையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் அது தெரிந்திருந்தது. பிரபு மிச்சமிருந்த போளியைத் தொடவில்லை.

"எங்கிட்ட என்ன குறை?" என்று கேட்டார் பூவனநாதன். "நானும்தான் அவங்ககிட்டப் பேசுதேன். என்னை ஒருநாளாவது நல்லா இருப்பியன்னு சொல்லியிருக்காங்களா?"

"குறைன்னு இல்ல சார். ராவ் மரியாதையாப் பேசுவாரு" என்றாள் ஜெயப்பிரியா.

பிரபு தொண்டையைச் செருமினான். "சார், எங்க குளத்தூர்ல சுடலைக்குமார்னு ஒருத்தர் இருக்காரு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாடகம் போட்டா ராஜா வேஷம் அவருதான். கோட்டு மாட்டிக் கூட்டிட்டுப் போயிருவோமா?"

"கம்ப்யூட்டர் தெரியுமா?"

"உப்பளத்துல வேலை. ஆனா பாக்க ராவ் மாதிரியே இருப்பாரு."

"ராவ் எப்படி இருப்பாருன்னு உனக்கு எப்படிலே தெரியும்?"

பிரபு யோசித்தான். "குரல வச்சு ஒரு அனுமானம்தான் சார்."

ஜெயப்பிரியா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "உண்மையச் சொல்லிருங்க சார். இது லெவல் ஒன்லயே முடிஞ்சிருக்க வேண்டிய பிரச்சினை."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூவனநாதன் தனியாகப் போனார். வழியெல்லாம் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது; அந்த வெடிப்பில் ஒன்று தன்னை வாங்கிக்கொண்டால் தேவலை என்று அவருக்குப் பட்டது. கோட்டுப் போட்டிருந்தார். மன்னிப்புக் கேட்பதென்றாலும் தலைமைச் செயல் அதிகாரியாகக் கேட்க வேண்டும் என்று வீட்டில் தோன்றியது. தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் இறங்குவதற்குள் கோட்டு முதுகோடு ஒட்டிவிட்டது.

கணக்கு அறைக்கும் வேலைக் கூடத்துக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான். அந்தப் பக்கம் எண்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, தீப்பெட்டிகளை டஜன் டஜனாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் முத்துமாரியம்மாள், முன்னால் ஒப்பந்தக் காகிதம், மூடி கழற்றாத பேனா. பக்கத்தில் ராதாமணி.

"தனியாவா வந்திய?" என்றார் முத்துமாரியம்மாள்.

பூவனநாதன் உட்காரவில்லை. "அம்மா, ராவ்னு யாரும் இல்ல. அது நான்தான். வாயில துணியை வச்சுக்கிட்டுப் பேசுனேன்."

கூடத்தில் காகிதச் சரசரப்பு நின்றது.

முத்துமாரியம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "அப்ப நெஞ்சுவலி?"

"இல்லம்மா."

"வாய்வு?"

"அதுவும் இல்லம்மா."

"போளி?"

"அது மட்டும் உண்மை. நாங்கதான் தின்னோம்."

ராதாமணி கணக்கு நோட்டுக்குள் முகத்தைக் கொண்டுபோனாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தபோது பூவனநாதனுக்கு உள்ளமெல்லாம் இளகிவிட்டது.

"பெங்களூர்ல ஆபீஸ் இல்லம்மா. துபாய்லயும் இல்ல. உரக்கடை மாடிதான் எல்லாம். எங்க புரோகிராம் வாரத்துக்கு மூணு தடவ கெட்டுப்போகுது. அது ஏன்னு எனக்கும் தெரியல, எங்க ஜெயப்பிரியாவுக்கும் தெரியல. அதை மூடி மறைக்கத்தான் ஒரு பெரிய மனுஷனை உண்டாக்குனேன். அவரு பேசினா நீங்க சமாதானம் ஆனிய. கெட்ட சரக்கை வித்துட்டு நாடகம் போட்டதுதான் நான் செஞ்சது. ஒப்பந்தம் வேண்டாம்னா போயிருதேன். அந்த ரெண்டு பிள்ளைகளுக்கு மட்டும் எங்கயாவது ஒரு வேலை சொல்லி விடுங்க."

முத்துமாரியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்; ஆனால் அவரைப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தார், கருத்துக் கேட்பதுபோல. எண்பது பேரில் முன்வரிசையில் இருந்த வெயிலம்மாள், கையில் இருந்த டஜனை நிதானமாகக் கட்டி வைத்துவிட்டு எழுந்து, சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

"கம்ப்யூட்டர் ஒரு நாளும் கெட்டதில்ல அண்ணாச்சி, சோத்தைத் தின்னுட்டு உக்காந்தா எங்களுக்குக் கண்ணு சொருகும், அதான் ராதாமணியக்கா பொய்யி சொல்லிக் கூப்பிட்டு உங்களை ஸ்பீக்கர்ல பேச வைக்காவ, நீங்கதான்னு மொத நாளே தெரியும், இனியும் ராவாவே பேசுவேன்னு சொல்லுங்க, அம்மா கையெழுத்துப் போடட்டும்."