சுழிக் கிராணியும் சிவப்பு ஐசியும்

ஒரே ஓர் எழுத்தோடு ஆயுசு முழுக்க மல்லுக்கட்டிய ஆள், மலேசியாவின் குருண் வட்டாரத்து எஸ்டேட்டுகளிலேயே எங்கள் சுழிக் கிராணி ஒருவர்தான்.

எழுபதுகளில் நான் அந்த எஸ்டேட் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் அங்கே கணக்கும் கடிதமும் எழுதும் மூத்த கிராணி. பேனாவைத் திறந்தால் முதலில் தாளின் உச்சியில் ஒரு 'உ' விழும். பிள்ளையார் சுழி. பெயர்ப் பட்டியல், மருந்துச் சீட்டு, மீன்காரனுக்கு அனுப்பும் துண்டுக் காகிதம், எதையும் விடமாட்டார். பெரிய வெள்ளிக்கு லீவு கேட்டு நான் கொடுத்த லெட்டரிலும் போட்டுவிட்டார்.

"அண்ணே, நான் வேதக்காரன்லா."

"அதனால என்ன தம்பி? ஓலைக் காலத்துல எழுத்தாணி ஓடுதா, ஓலை கிழியுதான்னு சுழிச்சுப் பாத்தாங்க. புள்ளையாரு அப்புறமா வந்து குந்திக்கிட்டாரு. உங்காளும் வேணும்னா பக்கத்துல குந்தட்டும்."

"எல்லாத்துக்கும் போடணுமா?"

"சாவுக் கடுதாசிக்கு மட்டும் கூடாது."

இந்தப் பிடிவாதத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம், சிவப்பு ஐசி விவகாரம் வரும் வரை. நாற்பது வருஷம் இங்கேயே உழைத்தும் அவருக்குக் குடியுரிமை இல்லை; குடிமகன் அல்லாதவருக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டைதான். குடிமக்களுக்கான நீல ஐசிக்கு மனுப் போட்ட ரசீதைக் காட்டினால்தான் வேலையும் வீடும் என்று துரை கெடு வைத்துவிட்டார். மனுவை நிரப்பிக்கொண்டு பதிவு இலாகாவுக்குப் பஸ் ஏறிப் போனார். கவுண்டரில் இருந்தவர் உச்சியைப் பார்த்தார், கட்டத்துக்கு வெளியே கிறுக்கக் கூடாது என்று புது மனுப் பாரம் ஒன்றைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். மூன்று தடவை இதே கதை.

இத்தனைக்கும் ஊரார் மனுக்களை நிரப்பிக் கொடுத்ததும் அவர்தான். அவற்றில் மை காய்ந்த பேனாவால் கண்ணுக்குத் தெரியாமல் சுழித்துவிடுவார். அவர்களுக்கெல்லாம் நீல ஐசி வந்தது.

"உங்களோடதுலயும் அப்படியே போடுங்களேண்ணே."

"ஊரானுக்காக ஏமாத்துனா புள்ளையாரு மன்னிச்சிருவாரு. எனக்காக ஏமாத்துனா விடுவாரா?"

கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில் அவர் சம்சாரம் அஞ்சலை அக்கா ஆபீசுக்கே வந்து அழுதார். "வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்கங்க போறது? அந்தச் சுழிய விட்டுத் தொலைங்க."

நான்காவது மனு மொட்டைத் தலையோடு போனது. உடனே வாங்கிக்கொண்டார்கள். திரும்பி வந்தவர் ரசீதை என் மேஜையில் வைத்தார்.

"சாவுக் கடுதாசி குடுத்த மாதிரி இருக்கு தம்பி."

நான் சிரித்துத் தொலைத்தேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கே என்மீது ஆத்திரம் வருகிறது.

இரண்டே மாதத்தில், பட்டியல் எழுதிக்கொண்டிருந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார். நீல ஐசியை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி அடுத்த வாரம் கடிதம் வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அஞ்சலை அக்கா ஒரு தாளை நீட்டினார். "தஞ்சாவூர்ல இருக்கிற அவரு தம்பிக்கு, அண்ணன் போயிட்டாருன்னு நாலு வரி எழுதிக் குடு தம்பி."

அதுவரை ஒரு சுழிகூடப் போட்டறியாத கை என்னுடையது. கூடாது என்று அவரே சொன்னதும் நினைவிருந்தது. ஆனாலும் அந்த மனிதரை இன்னொரு தடவை மொட்டைத் தாளில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. உச்சியில் நல்ல மையில், பெரிதாக ஒன்று போட்டுவிட்டுத்தான் அவர் பெயரை எழுதினேன்.