கப்பலில் மட்டும் தீயவர்

ஓர் அரசாங்கத்துக்கு மொழிபெயர்ப்புத் துறை அவசியம் என்பதை யாரும் மறுக்க முடியாது. மறுப்பதாக இருந்தால் அந்த மறுப்பை ஆங்கிலத்தில் எழுதி, பிரதிகள் எடுத்து, அந்தத் துறைக்கே அனுப்ப வேண்டும். அங்கே போன எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. ஆகவே யாருக்கும் மறுப்பு இல்லை என்றே கொள்ளலாம்.

வெளிநாட்டார் குடியேற்ற அலுவலகத்தின் மாடியில், கழிப்பறைக்கும் உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறைக்கும் நடுவே அந்தத் துறை இருந்தது. இங்கே தங்க விரும்பும் வெளிநாட்டார் அங்கே போய்த் தங்கள் தாய்மொழியில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும். துறை அதை ஆங்கிலத்தில் ஆக்கி மேலிடத்துக்கு அனுப்பும். மேலிடத்துக்கு ஆங்கிலம் தவிர வேறெதுவும் செரிக்காது. ஆங்கிலமாவது செரிக்கிறதா என்பது வேறு விஷயம்.

ஸ்பானிஷ் மொழிக்கென்று ஓர் அலுவலர் இருந்தார். அவரை எல்லோரும் 'தொடக்கநிலை' என்று அழைப்பார்கள். கேலிப்பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய சான்றிதழில் பொன்னெழுத்தில் பொறித்திருந்த தகுதியே அதுதான். ஸ்பானிஷ் பாடநூல் இரண்டு பாகம். அரசாங்கம் முதல் பாகத்துக்கு மட்டும் நிதி ஒதுக்கியிருந்தது. இரண்டாம் பாகம் வேண்டும் என்று எழுதிப் போட்டபோது, முதல் பாகத்தில் உள்ள சொற்கள் எல்லாம் தீர்ந்துவிட்டனவா என்று விளக்கம் கேட்டு வந்தது. இல்லை, இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது என்று மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார். உண்மை பேசினால் படிப்பு அத்தோடு நிற்கும்.

அவர் முன்னால் ஒருநாள் காலை ஒரு கப்பல் சமையல்காரர் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி. அவள் இந்த ஊர்ப் பெண், துறைமுகத் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். சமையல்காரரின் கண்ணாடி கொதிக்கிற சூப்பில் விழுந்து வளைந்துபோய், அதை நிமிர்த்தத்தான் முதலில் அவள் கடைக்கு வந்தார். பிறகு அடிக்கடி விழ ஆரம்பித்தது. ஒரு மனிதனின் கண்ணாடி இத்தனை தடவை சூப்பில் விழ வழியில்லையே என்று அவளுக்கு உறைத்தபோது, அவளுக்குப் பாதி ஸ்பானிஷ் வந்திருந்தது, மீதிக்காகக் கல்யாணம் செய்துகொண்டாள். இனி அவருக்குக் குடியிருப்பு அனுமதி கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

பெயர், வயது, தொழில் எல்லாம் முதல் பாகத்தில் இருந்த கேள்விகள். தடங்கல் இல்லாமல் போயின. கப்பல் வேலையை ஏன் விட்டீர் என்று கேட்டபோதுதான் விவகாரம் ஆரம்பித்தது.

"என் எல் பார்க்கோ எஸ்தாபா மாலோ சியெம்ப்ரே," என்றார் சமையல்காரர்.

தொடக்கநிலை புத்தகத்தைப் புரட்டினார். பார்க்கோ என்றால் கப்பல். சியெம்ப்ரே என்றால் எப்போதும். மாலோ என்றால் தீய, கெட்ட, பொல்லாத. அவர் புத்தகத்தை மூடினார், நாற்காலியைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொண்டார், பிறகு எழுந்து போய் இயக்குநரை அழைத்து வந்தார்.

"கப்பல்ல இருந்தப்போ எப்பவும் தீயவனா இருந்தேங்கிறார், சார்."

"எப்பவுமா?" என்றார் இயக்குநர்.

"எப்பவும்தான் சார். ஞாயித்துக்கிழமைக்குக்கூட விலக்கு சொல்லலை."

"சார், அது அப்படி இல்லை," என்றாள் மனைவி. "உடம்பு முடியாம இருந்தேன்னு சொல்றார். அவருக்குக் கடல் ஒத்துக்காது. அலை அடிச்சா குடல் வாய்க்கு வந்துடும். அந்த மொழியில 'இருக்கேன்'ங்கிறதுக்கு ரெண்டு சொல் இருக்கு சார். ஒண்ணு குணத்துக்கு, இன்னொண்ணு நிலைமைக்கு. 'சோய் மாலோ'ன்னா நான் கெட்டவன். 'எஸ்தோய் மாலோ'ன்னா எனக்கு உடம்பு சரியில்லை. இவர் சொன்ன 'எஸ்தாபா' இதோட இறந்தகாலம்தான்."

இயக்குநர் தொடக்கநிலையைப் பார்த்தார். "ரெண்டு இருக்காமே?"

"வெளியில இருக்கலாம் சார். முதல் பாகத்துல ஒண்ணுதான் இருக்கு."

"துறைக்கு அனுமதிச்சது எத்தனை?"

"ஒண்ணுதான் சார்."

"அப்போ ஒண்ணுதான்," என்று தீர்ப்புச் சொன்னார் இயக்குநர்.

"நாமளே வயிறு கெட்டுப்போச்சுன்னு சொல்றோமே சார், வயிறு திருடப் போச்சுன்னா அர்த்தம்? பால் கெட்டுப்போச்சுன்னா போலீஸையா கூப்பிடுறோம்?"

"அம்மா, பால் இங்க வந்து குடியிருப்பு அனுமதி கேட்கலை," என்றார் இயக்குநர்.

நியாயமான பதில்தான்.

இனி இந்தத் தீமையை ஆங்கிலத்தில் ஆக்க வேண்டும். ஆங்கிலத்தில் தீமைக்குப் பஞ்சம் இல்லை. எது பொருத்தம் என்பதுதான் கேள்வி. அன்று பிற்பகலே தீமைச் சொல் தேர்வுக் குழு கூடியது. இயக்குநர் தலைவர். துணை இயக்குநர் அம்மையார் செயலர். தொடக்கநிலை நிபுணர். பாதிக்கப்பட்ட தரப்பாகக் கணவனும் மனைவியும் சுவரோரம் உட்காரவைக்கப்பட்டார்கள். மாலோ, மால்வாதோ, மாலிக்னோ, பெர்வெர்சோ, கனாய்யா என்று கெட்டவனைக் குறிக்கும் ஸ்பானிஷ் சொற்களைத் தொடக்கநிலை ஒப்பு நோக்குவதற்காக உரக்க வாசித்தார். தன்னைப் பார்த்து ஒரு படித்த மனிதர் இப்படி வரிசையாக வைவதைக் கண்டு சமையல்காரர் பயந்து எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

"'பேட்'னு போட்டுடலாமா?" என்றார் இயக்குநர்.

"வேணாம் சார். இப்பல்லாம் பசங்க நல்லா இருக்கிறதைத்தான் பேட்ங்கிறாங்க," என்றார் துணை இயக்குநர். "மேலிடத்துல யாராவது சின்ன வயசுக்காரங்க இருந்தா பாராட்டுன்னு எடுத்துப்பாங்க."

"'விக்கட்'? அதுவும் பொல்லாதவன்தானே?"

"உங்க பொண்ணு போன வாரம் புதுச் செருப்பைக் காட்டி விக்கட்னு சொன்னதா நீங்களே சொன்னீங்களே சார்."

இயக்குநர் பெருமூச்சு விட்டார். நாகரிகம் வந்து நல்ல கெட்ட வார்த்தைகளை எல்லாம் கெடுத்துவிட்டது என்று வருந்தினார். இந்த இடைவெளியில் மனைவி எழுந்து நின்றாள். "சார், 'சிக்'னு எழுதுங்க. அதுதான் சார் சரியான சொல். நோய்னு அர்த்தம்."

"அது பழைய அர்த்தம்மா," என்றார் துணை இயக்குநர், உண்மையான பரிவோடு. "என் பையன் பாட்டு பிடிச்சாச் சிக்குங்கிறான். சட்டை பிடிச்சாச் சிக்குங்கிறான். கப்பல்ல எப்பவும் பிரமாதமா இருந்தேன், அதனால வேலையை விட்டுட்டேன்னு எழுதினா மேலிடம் என்ன நினைக்கும்? உங்க வீட்டுக்காரருக்குப் புத்தி சரியில்லைன்னு நினைக்காதா?"

சரியான சொல்லும் இப்படியாகத் தள்ளுபடி ஆயிற்று. நாகரிகத்தின் கை படாத ஒரே சொல்லாக 'ஈவில்' எஞ்சியது. மாலோ என்றால் ஈவில், வேறு பொருள் எக்காலத்தும் இல்லை என்று குழு முடிவு செய்து, அமைச்சரின் ஒப்பம் பெற்று, அரசிதழிலும் வெளியிட்டுவிட்டது. கூடவே இன்னொரு தாளும் வந்தது. கப்பலில் எப்போதும் தீயவராக இருந்ததாக ஒப்புக்கொண்ட நபரை அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பும்படி உத்தரவு.

வீட்டில் அவளுடைய அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"கப்பல்ல மட்டும்தானே கெட்டவர்?" என்றாள் அம்மா. "உங்கப்பா தரையிலயே அப்படித்தான் இருந்தார். நான் எந்த ஆபீசுக்குப் போனேன்?"

மகள் முதலில் சிரித்தாள். பிறகு அடுப்படியில் நின்றபடியே அழுதுவிட்டாள். அழுது முடித்தபோது அம்மா சொன்னதில் ஒரு சட்டப் புள்ளி இருப்பது அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. மறுநாள் கடையைக்கூடத் திறக்காமல் நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், நீங்க சொல்றபடியே வெச்சுக்குவோம். அவர் கப்பல்ல ஏறினாத்தான் தீயவர். தரையில நல்லவர். தரையில இருக்கிற நல்ல மனுஷனைக் கப்பல்ல ஏத்தித் தீயவரா மாத்துறது அரசாங்கம்தானே?"

இயக்குநர் யோசித்தார். துறைமுக அதிகாரிக்குத் தொலைபேசி போட்டார். ஒரு தீயவரைப் பயணிகள் கப்பலில் ஏற்ற விதியில்லை என்று அங்கிருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆக, வைத்துக்கொள்ளவும் முடியாது, அனுப்பவும் முடியாது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் துறை திண்டாடியது.

"அவர் கடல்ல எந்த இடத்துல தீயவரா மாறுறார், எவ்வளவு தீயவரா மாறுறார்ங்கிறதை நேர்ல பார்த்து உறுதி செய்யணும்," என்று கடைசியில் சொன்னார் இயக்குநர். "குழு படகுல போய் ஆய்வு பண்ணும்."

துறைமுகத்தின் விசைப்படகு வரவழைக்கப்பட்டது. அன்று காற்று பலமாக இருக்கிறது, இன்னொரு நாள் போகலாமே என்றார் படகோட்டி. இயற்கையின் வசதிக்காக ஆய்வுகளைத் தள்ளிவைக்க முடியாது என்று அவருக்கு விளக்கப்பட்டது.

கரை மறைவதற்குள் சமையல்காரரின் முகம் வெளுத்தது. பிறகு பச்சையாயிற்று. அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மனைவி ஒரு கையால் அவர் முதுகைத் தடவி, இன்னொரு கையால் அவருடைய கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்தினாள்.

"ஆரம்பிக்குது," என்றார் இயக்குநர் உற்சாகத்தோடு. "குறிச்சுக்கோங்க, குறிச்சுக்கோங்க."

சமையல்காரர் வாந்தி எடுத்தார். 'விண்ணப்பதாரரிடமிருந்து தீமை வெளிப்பட்டது' என்று துணை இயக்குநர் ஆங்கிலத்தில் குறித்தார். 'மீண்டும் வெளிப்பட்டது' என்று எழுதப் போனவர் பாதியில் பேனாவைக் கீழே போட்டுவிட்டு எதிர்ப்பக்க விளிம்புக்கு ஓடினார். தொடக்கநிலை அவரைத் தாங்கிப் பிடிக்கப் போய், தானும் அங்கேயே தங்கிவிட்டார். பெரிய அலை ஒன்று வந்தது. இயக்குநர் மூச்சை ஒருமுறை இழுத்தும் ஒருமுறை விட்டும் பார்த்தார். பதவிக்குரிய மரியாதையோடு தலையைக் குனிந்தார், பிறகு மரியாதை இல்லாமல் குனிந்தார்.

சமையல்காரர் அதற்குள் காலியாகிவிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, இதில் பழுத்த அனுபவசாலி என்ற முறையில், இயக்குநரின் நெற்றியை இதமாகப் பிடித்துக்கொண்டார். "போப்ரே. எஸ்தா மாலோ," என்றார்.

"என்ன... சொல்றார்?" என்றார் இயக்குநர், தண்ணீரைப் பார்த்தபடி.

எதிர்ப்பக்கத்திலிருந்து நிபுணரின் குரல் ஈனசுரத்தில் வந்தது. "பாவம், தீயவர்ங்கிறார், சார்."

"யாரை?"

"உங்களைத்தான் சார்."

"இப்பவாவது அதை உடம்பு சரியில்லைன்னு எழுதுங்க சார்," என்றாள் மனைவி. "உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

கரை வந்து சேர்ந்ததும் குழு துறைமுகச் சுவரிலேயே சாய்ந்து அவசரக் கூட்டம் நடத்தியது. இயக்குநருக்கு இப்போது மாலோவின் பொருள் நன்றாகவே தெரியும். குடலோடு தெரிந்துகொண்ட பொருள் மறக்காது. ஆனால் அறிவது வேறு, ஒப்புக்கொள்வது வேறு.

"அரசிதழ்ல திருத்தம் போட்டா நாம பிழை பண்ணினதா ஆகும்," என்றார். "பிழைக்கு விதியில என்ன?"

துணை இயக்குநர் ஈரமான கைப்பையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். "விசாரணை. சம்பள வெட்டு. பதவி இறக்கம். ஓய்வூதியம் நிறுத்தம்."

"தீமைக்கு?"

அவர் முன்னும் பின்னும் புரட்டினார். அடிக்குறிப்புகளையும் பார்த்தார். "தீமைக்கு ஒண்ணுமே இல்லை சார்."

"நல்லா பாருங்க."

"முழுக்கப் பார்த்துட்டேன். தீயவரா இருக்கிற அலுவலருக்கு எந்தத் தண்டனையும் போடலை."

குழுவின் முகத்தில் முதன்முறையாக இரத்தம் திரும்பியது.

"அப்போ நாம தீயவங்க," என்றார் இயக்குநர். எல்லோரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டார்கள்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. 'விண்ணப்பதாரரின் தீமை நேரில் ஆய்வு செய்யப்பட்டது. அது இத்துறை அலுவலர்களின் தீமைக்குக் குறையாமலும் மிகாமலும் உள்ளது. ஆகவே அவர் இங்கு குடியிருக்க முழுத் தகுதி உடையவர்' என்று குடியிருப்பு அனுமதி தயாரானது. கடைசியில் ஒரு கையெழுத்துதான் பாக்கி. என் கணவர் தீயவர் என்பதை நான் அறிவேன் என்ற வரிக்குக் கீழே மனைவி கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் படியேறி இறங்கி, கடையை மூடி, கடலுக்கும் போய்வந்திருக்கிறாள்.

"உனக்கு அர்த்தம் வேணுமா, புருஷன் வேணுமா?" என்றார் துணை இயக்குநர், குரலைத் தாழ்த்தி.

அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாமெல்லாம் இதைவிடச் சின்ன விஷயங்களுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

அரசிதழில் வந்தது வந்ததுதான் என்பதால், அதன் பிறகு அந்தத் துறையில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகவில்லை. காய்ச்சல் வந்தவர் தீமை விடுப்பு எடுத்தார். மற்றத் துறைகளுக்கும் இது பரவியது. பிறகு வங்கிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் துணிக்கடைகளுக்கும் பரவியது. நாட்டில் நோயாளிகளே இல்லாமல் போனதைக் கண்டு அரசாங்கம் சுகாதாரத் துறைக்கு விருது கொடுத்தது. 'அலுவலர் இன்று தீயவராக இருக்கிறார், நாளை வரவும்' என்ற பலகையைப் படித்துவிட்டு ஜனங்கள் பேசாமல் திரும்பிப் போனார்கள்.

இதை ஒருவராவது எதிர்த்துக் கேட்கவில்லையா என்று உங்களுக்குத் தோன்றலாம். தீமை விடுப்பில் எல்லோருக்கும் ஒரு சௌகரியம் இருந்தது. முன்பெல்லாம் உடம்பு சரியில்லை என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், டாக்டர் சான்று கொண்டுவா என்பார்கள். இப்போது நான் தீயவன் என்று சொன்னால் போதும். யாரும் சான்று கேட்பதில்லை.