பட்டுப் புடவையும் பட்டாளத்துத் துப்பாக்கியும்

காதை மூடும் கவசம் பிளாஸ்டிக் மல்லிகையின் மேல் உட்கார மறுத்தது.

"பூவை எடுத்துட்டா சரியாயிடும்," என்றான் ஆரோக்கியசாமி.

"எடுக்க முடியாது. ஞானம்மாள் ஆன்ட்டி நாப்பது ஊசி குத்தி வச்சிருக்காங்க," என்றாள் செல்வராணி.

பெண் பார்க்க வருகிறவன் வீட்டுக்கு வருவான். ரொம்ப நாகரிகமானவன் என்றால் காப்பிக் கடைக்குக் கூப்பிடுவான். சிங்கப்பூரிலிருந்து இரண்டு வார லீவில் சிட்னியைச் சுற்றிப் பார்க்க வந்த இந்தக் கம்ப்யூட்டர்காரன் ஆரோக்கியசாமியோ, பட்டாளத்துத் துப்பாக்கிகளைச் சுற்றுலாக்காரர்கள் சுட்டுப் பார்க்கும் கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தான். "த்ரில்லா இருக்கும்" என்றானாம். தரகு வேலை பார்த்த, சிட்னியின் கிரவீன் பகுதியிலிருக்கும் ஞானம்மாள் ஆன்ட்டிக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. எங்கே பார்த்தால் என்ன, பெண் பார்ப்பது பெண் பார்ப்பதுதான் என்று பட்டுப் புடவையைச் சுற்றி அனுப்பிவிட்டார்.

சிட்னியில் படிப்பை முடித்திருந்த செல்வராணிக்குத் தேவை ஒன்றே ஒன்று. இவன் வேண்டாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டும். பிப்ரவரியில் மெல்பர்னில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டுச் சிங்கப்பூரில் எவனுக்கோ டிபன் பாக்ஸ் கட்ட அவள் தயாராக இல்லை. ஆனால் தூத்துக்குடியிலிருந்து அப்பா போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"மாப்பிள்ளை வேண்டாம்னா போகட்டும். நம்ம வாயால வேண்டாம்னு வரக் கூடாது. பின்னால ரெண்டு தங்கச்சிக நிக்குதுக, பாத்துக்க."

உப்பளத்துக் குடும்பத்தின் முதல் பட்டதாரி எதை வேண்டுமானாலும் படிக்கலாம். 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லக் கூடாது.

சரி, அவனையே சொல்ல வைப்போம்.

"எனக்குச் சமைக்கத் தெரியாது," என்று ஆரம்பித்தாள்.

அவன் முகம் ஒரு கணம் வாடியது. "பரவால்ல. அங்க எல்லாருக்கும் வெளியதான் சாப்பாடு."

"லீவு நாள்ல பத்து மணிக்கு முன்னாடி எந்திரிக்க மாட்டேன்."

"நானும்தான்."

"கோவம் வந்தா கையில கெடைக்கிறதத் தூக்கி வீசிருவேன்."

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். "ஓப்பனாப் பேசுறீங்க. எங்கம்மாவுக்கு அது ரொம்பப் பிடிக்கும்."

மூலையில் தேநீர் விற்றுக்கொண்டிருந்த விக்னராஜா அங்கிள் அவளுடைய புடவையைப் பார்த்துச் சிரித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். "நாங்கள் இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் பிள்ளை நாட்டை விட்டு வந்தனாங்கள். இஞ்ச சனம் காசு குடுத்துச் சுடுது," என்றார்.

வங்கியில் பேனாவைக் கட்டி வைப்பதுபோல, துப்பாக்கியைச் சங்கிலி போட்டு மேசையோடு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் செந்தாடிப் பயிற்சியாளர் நின்றார்.

ஆரோக்கியசாமி குரலைத் தாழ்த்தினான். "இது கையையே பேத்துரும். இங்க ஒரு பொண்ணு மயக்கம் போட்டு விழுந்துச்சு. பயமா இருந்தா சொல்லிடுங்க. இப்பவே கிளம்பிடலாம். ஆன்ட்டிகிட்ட ஒத்து வரலைன்னு நீங்களே..."

"யாருக்குய்யா பயம்?"

கோபத்தில் கை நடுங்குகிறவர்கள் உண்டு. செல்வராணிக்குக் கோபம் வந்தால் கை கல்லாகிவிடும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஐந்து குண்டு. ஐந்தும் அட்டையின் நடுவிலிருந்த கறுப்பு வட்டத்தில் இறங்கின. செந்தாடிக்காரர் கை தட்டினார்.

"எப்படிங்க?" என்றான் ஆரோக்கியசாமி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

பெற்ற தாயைச் சொன்னால் எந்த மகனும் எழுந்து போய்விடுவான் என்று கணக்குப் போட்டாள். "அந்தக் கறுப்பு வட்டத்த மாமியாரா நெனச்சுக்கிட்டேன்."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "அம்மா... ஸ்போர்ட்டிவா எடுத்துப்பாங்க."

இவன் மனிதனா, மாவுப் பொம்மையா?

அடுத்தது அவன் முறை. கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டான். குண்டு பக்கத்து வரிசைக்காரரின் அட்டையில் போய் விழுந்தது. நல்ல இடத்தில்தான் விழுந்திருக்க வேண்டும். அந்த மனிதர் நன்றி சொன்னார். செல்வராணி வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஐயே, இதுகூடத் தெரியாதா? இதுக்கா த்ரில்லு த்ரில்லுன்னு கூப்பிட்டீங்க?"

இதற்குமேல் எந்த ஆம்பிளையும் தாங்க மாட்டான். அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்தபடி, "இதோ வந்துடறேன்" என்று வெளியே ஓடினான்.

அப்பாடா. தலையில் கவசம் ஒருபக்கம் தொங்க, அவள் தேநீர் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் ஆனது. விக்னராஜா அங்கிளையும் காணவில்லை. போன் அடித்தது.

"செல்வி!" ஞானம்மாள் ஆன்ட்டியின் குரல் குதித்தது. "ஆரோக் தம்பி இப்பத்தான் பேசுனாரு. பொண்ணு சொல்றதுதான் முடிவுன்னுட்டாரு! உடனே உங்கப்பாவுக்கு அடிச்சேன். மாப்பிள்ளை சொல்றதுதான் முடிவாம்! ரெண்டு பக்கமும் மறுப்பே இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் நிச்சயதார்த்தம்!"

"ஆன்ட்டி, இருங்க! அவரு சரின்னு சொன்னாரா?"

"வேண்டாம்னு சொல்லலியேம்மா! இனிமே ஒரு பொண்ண அவரு வாயால வேண்டாம்னா பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னு அவங்கம்மா சத்தியம் பண்ணியிருக்காங்க. நீயும் வேண்டாம்னு சொல்லல. பெறகென்ன? நான் கேக்குக்குச் சொல்லிட்டேன்." வைத்துவிட்டார்.

செல்வராணி பிளாஸ்டிக் மல்லிகையைப் பிய்த்து மேசைமேல் எறிந்தாள். நாற்பது ஊசியும் சிதறின. கண் கலங்கியது. மெல்பர்ன் போயிற்று. எல்லாம் அந்த ஐந்து குண்டால் வந்த வினை.

விக்னராஜா அங்கிள் வெளியிலிருந்து வந்து, தேநீர்க் கோப்பை ஒன்றை அவள் முன்னால் வைத்தார்.

"அழாதையும் பிள்ளை. அந்தத் தம்பி இந்த ஒரு கிழமைக்குள்ளை இஞ்ச கூட்டி வந்த நாலாவது பொம்பிளை நீர், மற்ற மூண்டு பேரும் முதல் வெடியோடை ஓடிட்டினம்; இப்ப அவர் கக்கூஸ் வாசலிலை நிண்டு, 'இந்தப் பிள்ளை மட்டும் ஏன் அங்கிள் ஓடேல்லை' எண்டு அழுறார்."