டூப்ளிகேட் கேதம்

என் அப்பா இரண்டு தடவை இறந்தார். இரண்டாவது தடவை அவராகவே இறந்தார். முதல் தடவை அவரைக் கொன்றது நான்தான், அதுவும் ஒரு செல்போன் டிஸ்ப்ளேயை வைத்து. சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்கிறார்கள். (ஆகாது. நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.)

எங்கள் போடிப் பக்கம் சாவுச் செய்தி சொல்வதைக் 'கேதம் சொல்றது' என்பார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மறந்தால்கூட மன்னிப்பு உண்டு. கேதம் சொல்லாமல் விட்டால் ஜென்மத்துக்கும் பேச்சு கிடையாது. கேட்டவர்களுக்கும் ஒரு முறை இருக்கிறது. போன் போட்டு 'எப்ப ஆச்சு, எப்படி ஆச்சு' என்று விசாரிக்கக் கூடாது. கையில் இருக்கிற சோலியைப் போட்டுவிட்டு நேரில் வந்து நிற்க வேண்டும்.

அப்பாவும் அவருடைய ஒரே தங்கை பேச்சி அத்தையும் ஒன்பது வருடம் பேசாமல் இருந்ததற்கும் இதுதான் காரணம். அத்தை போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வாக்கப்பட்டவள். அவள் புருஷன் இறந்தபோது தகவல் யாரோ ஒரு ஜீப்பு டிரைவர் மூலமாக வந்தது. 'எனக்கு மொறையா கேதம் சொல்லலை' என்று அப்பா போகவில்லை. 'தெரிஞ்சும் வரலை' என்று அத்தை அதோடு முறித்துக்கொண்டாள். நடுவில் இருந்தது ஒரு மலைதான். இவர் ஏறவில்லை, அவள் இறங்கவில்லை.

இந்த நிலையில் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டது. தேனி ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அப்பாவை வண்டியில் ஏற்றக் குனிந்தபோது என் சட்டைப் பையிலிருந்து போன் விழுந்தது. ஸ்ட்ரெச்சரின் சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கியது. கண்ணாடி நொறுங்கியதைப் பார்த்து நான் ஐயோ என்றேன். அப்பா பாவம், தனக்காகத்தான் என்று நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் பஜாருக்குப் போனேன். கடைக்காரர் முருகேசன் இரண்டு டிஸ்ப்ளேக்களை எரியவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று கொஞ்சம் மங்கல், லேசாக மஞ்சள் அடித்தது. இன்னொன்று கண்ணைப் பறித்தது. அதில் ஒரு வயல் படத்தைப் போட்டுக் காட்டினார், அப்படி ஒரு பச்சை. மங்கலாக இருப்பதுதான் கம்பெனி ஒரிஜினல் என்றும், மற்றது டூப்ளிகேட் என்றும் சொன்னார்.

இந்த இடத்தில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். காய் ஸ்டோரில் இருபது வருடமாக ஏலக்காய்த் தரம் பார்க்கிறவன். ஒரு கை அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினால், எந்த மலைக்காய், எந்தப் புகைக்கூண்டில் காய்ந்தது என்று சொல்வேன். விற்க வருகிறவன் மட்டத்தை உசத்தி என்பான், அவன் சொல்வதைக் காதில் வாங்காமல் கண்ணை நம்புவதுதான் என் பிழைப்பு. ஆகவே முருகேசன் மாற்றிச் சொல்கிறார் என்று ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டேன்.

"எதுல பச்சை ஜாஸ்தியோ அதான் உசத்தி. எனக்கே தரம் சொல்றீகளா?" என்றேன்.

"அண்ணே, காயில நீங்க சொல்லுங்க, கேட்டுக்கிறேன். இதுல நான் சொல்றதக் கேளுங்க," என்றார் அவர். நான் கேட்கவில்லை. பச்சையையே போடச் சொன்னேன். மாட்டிக் கொடுக்கும்போது, சார்ஜில் இருந்தால் சில நேரம் தானாக அமுங்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதையும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கினேன். (ஏலக்காயில் அளவுக்கு மீறிப் பச்சையாக இருப்பது சாயம் போட்ட காய். இது ஸ்டோரில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.)

வீட்டுக்கு வந்ததும் என் முன்யோசனை வேலை செய்ய ஆரம்பித்தது. அத்தை வீட்டுச் சாவில் நடந்த தப்பு அப்பா விஷயத்தில் நடக்கக் கூடாது, ஒருத்தர் விடாமல் கேதம் போக வேண்டும். எங்கள் வகையறாவுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, அத்தை மகன் பாண்டியும் அதில் உண்டு. கடைசி நேரத்தில் கை ஓடாது என்று, அதிலேயே செய்தியைத் தட்டி வைத்தேன். 'எங்கள் தகப்பனார் இன்று இயற்கை எய்தினார்' என்று அடித்து, அனுப்பாமல் அப்படியே விட்டு, போனைச் சார்ஜில் போட்டேன். கட்டிலில் அப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை அடித்தேன் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்து நிமிடம் கழித்து என் மனைவி வந்து, "ஏங்க, ஒங்க போனு தானா வேல பாக்குது," என்றாள்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை பேய் பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. கால்குலேட்டர் திறந்தது, டார்ச் எரிந்து அணைந்தது. குரூப்பைப் பார்த்தால் என் செய்தி போய்விட்டிருந்தது. அழிக்கலாம் என்று விரலை வைத்தேன். என் விரலை அது மதிக்கவில்லை. சட்டையில் துடைத்து, ஊதி, குலதெய்வத்தைக் கூப்பிட்டு மறுபடியும் அழுத்தியபோது, அழிக்கும் கட்டம் வந்து அதுவாகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. செய்தி மறைந்தது. அப்பாடா என்று போனை அணைத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எனக்கு மட்டும் அழிவது வேறு, எல்லோருக்கும் அழிவது வேறு என்ற ஞானம் அப்போது எனக்கு இல்லை.

ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். பிறகு வாசலில் மூங்கிலும் தகரமுமாக ஒரு வண்டி வந்து நின்றது. பந்தல் எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டார்கள். ராசிங்காபுரம் சித்தப்பா ஏற்பாடு. கேதம் என்றால் அவர் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே பந்தலுக்கும் கொட்டுக்கும் சொல்லிவிடுவார். நான் பந்தல்காரரிடம் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் பெண்களின் அழுகை கேட்டது. என் மனைவியின் போனில்கூட ஒருத்தரும் முன்கூட்டிக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? மரியாதை தெரிந்த ஜனங்கள்.

சித்தப்பா ரோஜா மாலையோடு நேரே உள்ளே போனார். அப்பா தலையணையில் சாய்ந்து அவரைப் பார்த்தார். சித்தப்பா மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னார்.

"மாலையோடயா?" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "யாருடா செத்தது?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்ததிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

வெளியே இதற்குள் பெரிய விவாதம். இந்த வீட்டுக்கு வந்ததற்குத் தலைமுழுக வேண்டுமா, வேண்டாமா? மாலைகளைத் திரும்பக் கொண்டுபோகலாமா? உயிரோடு இருப்பவருக்குப் போட முடியாது, வீட்டுக்கும் எடுத்துப் போக முடியாது. கடைசியில் எல்லாவற்றையும் பந்தல் மூங்கிலில் தொங்கவிட்டார்கள். அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மலையிலிருந்து ஜீப்பு வந்தது. மெட்டிலிருந்து அத்தனை வளைவிலும் அழுதுகொண்டே இறங்கியிருக்கிறாள் பேச்சியத்தை. யார் தடுத்தும் கேட்காமல் தலைவிரிகோலமாக உள்ளே ஓடி, "ஒம்பது வருசமா மொகம் காட்டாமப் போயிட்டியேண்ணே," என்று அப்பாவின் நெஞ்சில் விழுந்து அறைந்தாள்.

"ஏ பேச்சி, மெதுவாத்தா. வலிக்குது," என்றார் அப்பா.

அத்தை அலறவில்லை. அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவருடைய கன்னத்தில் ஒட்டியிருந்த கஞ்சியை முந்தானையால் துடைத்தாள். வெளியே வந்து என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை எழுத முடியாது. நான் அவ்வளவுக்கும் தகுதியானவன்தான்.

நாலு நாள் அண்ணனோடு இருந்துவிட்டு, காய் எடுப்பு இருக்கிறது என்று மலைக்குத் திரும்பினாள். அப்பா மூன்று வாரம் இருந்தார். கேதத்துக்கு யார் யார் வரவில்லை என்று என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். "அவனும் வரலியா? சரி, வச்சுக்கிறேன்," என்பார். வைத்துக்கொள்ள அவருக்கு நாள் இல்லை. நடுவில் நான் முருகேசன் கடைக்குப் போய் மங்கலான ஒரிஜினலை மாட்டிக்கொண்டேன். அவர் டூப்ளிகேட்டைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஒரு காலைப்பொழுதில் அப்பா போய்விட்டார். செய்தியை அடித்தேன். ஒரிஜினல் திரை என் விரலுக்கு அப்படி அடங்கியது. யாரும் வரவில்லை. போன்தான் வந்தது.

"டேய், இது ஒரிஜினலா, போன மாசம் மாதிரி டூப்ளிகேட்டா?" என்றார் சித்தப்பா.

ஒரிஜினல்தான் என்றேன். அடுத்தவரும் அதையே கேட்டார், அதற்கடுத்தவரும். அப்பாவின் காலடியில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு கட்டத்தில் எனக்கே அவர் ஏதோ உதிரிபாகம் மாதிரி ஆகிவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பாண்டி ஒரு சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டு, சிக்னல் கிடைக்காத காட்டுக்குள் காய் எடுக்கப் போய்விட்டான். அவனைப் பிடித்து நம்பவைப்பதற்குள் மதியம் தாண்டியது. மலையில் மழை, மூடுபனி. ஜீப்பு ஊர்ந்துதான் வர முடியும். எவ்வளவோ காத்திருந்தோம். இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் சுடுகாட்டிலிருந்து ஈரத்துணியோடு திரும்பியபோது, கழுவிவிட்ட வாசலில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அவள் காலில் விழுந்தேன்.

"நான் மொகம் பாக்கலேன்னு நீ அழாத அப்பு. நான் அன்னைக்கே பாத்துட்டேன்ல," என்றாள். சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள்.

இன்றைக்கும் எங்கள் குரூப்பில் குழந்தை பிறந்த படம் போட்டால்கூட 'ஒரிஜினலா?' என்று கேட்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன், வேறு வழி? போன ஆவணியில் சித்தப்பா குளியலறையில் வழுக்கி விழுந்ததை யாரோ ஆளே போய்விட்டதாகக் கிளப்பிவிட்டார்கள். எல்லோரும் போன் போட்டு விசாரித்துவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போனார்கள். மத்தியானம் ஒரே ஒரு ஜீப்பு மட்டும் மலையிறங்கி ராசிங்காபுரத்துக்கு வந்தது. மடியில் மாலையோடு அத்தை. போனில் கேட்டுவிட்டுக் கிளம்புவோம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டதாகப் பாண்டி என்னிடம் அலுத்துக்கொண்டான்.

"டூப்ளிகேட்டா இருந்தா நல்லதுதானடா," என்றாள் அத்தை. "உசுரோட பாத்துட்டு வரலாம்ல."